கொசுவின் குலமுறை

சென்னையில் மலேரியாவைப் பரப்புவது சாக்கடைக் கொசு அல்ல. கிணறு, மொட்டைமாடித் தொட்டி, கட்டுமான இடத்தில் பிடித்துவைத்த நீர் என நல்ல தண்ணீரைத் தேடி முட்டையிடும் அனாபிலிஸ் ஸ்டீபன்சைதான் அந்த வேலையைச் செய்கிறது. மாநகராட்சிப் பணியாளர் வந்து மாடித் தொட்டியைப் பார்க்க வேண்டும் என்பது இதற்காகத்தான். நம்மில் பலர் அவரை வாசலோடு அனுப்பிவிடுகிறோம்.

தெற்காசியாவிலும் அரேபியப் பகுதியிலும் வாழ்ந்த இந்தக் கொசு, 2012-ல் ஆப்பிரிக்காவில் ஜிபூட்டி நாட்டின் துறைமுக நகரில் அகப்பட்டது. அந்த ஆண்டு அந்நாட்டில் மலேரியா கண்டவர்கள் 27 பேர். 2020-ல் 73,000-க்கும் மேல். முழுப் பழியையும் கொசுவின் தலையில் கட்ட முடியாதுதான். ஆனால் 2022-ல் எத்தியோப்பியாவின் டிரே தாவா நகரில், பல்கலைக்கழக விடுதி உட்பட, வறண்ட பருவத்திலேயே மலேரியா பரவியது. மழையோடு வந்து மழையோடு போகும் நோய் என்று பழகியவர்களுக்கு அது புதிது. தொட்டிக்கு ஏது கோடை?

எங்கிருந்து வந்தது இந்தக் கொசு? மைட்டோகாண்ட்ரியா மரபணு தாயிடமிருந்து மட்டுமே பிள்ளைக்குப் போகும். அதைப் படித்தால் தாய்வழி தெரியும். எத்தியோப்பியக் கொசுக்களைச் சோதித்தபோது, அவற்றின் நெருங்கிய உறவு பாகிஸ்தான் பக்கம் இருப்பது தெரிந்தது. எந்தக் கப்பலில் ஏறியது என்பதை அந்த ஒரு மரபணு சொல்லாது.

எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. ஓர் ஊர்க் கொசுக்களிடையே மரபணு வேறுபாடு குறைவாக இருந்தால், ஒருசில தாய்க்கொசுக்களின் வழிவந்த கூட்டம் அது என்று நினைக்கலாம். வேறுபாடு மிகுந்தால், பல முறையோ பெருங்கூட்டமாகவோ வந்திருக்கக்கூடும். அப்போது தொட்டியை மூடினால் மட்டும் போதாது, துறைமுகத்திலும் கண் வேண்டும். பக்கத்து நகரக் கொசுக்களோடு கலப்பு இருந்தால் ஒரு நகரை மட்டும் சுத்தம் செய்வது வீண். எத்தியோப்பியாவுக்கு வந்த கொசுக்கள் பல பூச்சிமருந்துகளுக்கு மசிவதில்லை என்பதும் சோதனையில் தெரிந்தது. தெருவில் புகையடிப்பது கண்ணுக்குத் தெரியும் வேலை, அதனால் வார்டில் எல்லோருக்கும் திருப்தி. தொட்டிக்குள் நெளியும் புழுவை அது ஒன்றும் செய்யாது.

இலங்கையின் கதை இன்னும் கூர்மையானது. 2016 செப்டம்பரில் மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. அதே ஆண்டு டிசம்பரில் மன்னாரில் இந்தக் கொசு கண்டறியப்பட்டது, பின்னர் யாழ்ப்பாணத்திலும். கிருமி அங்கே இல்லை, அதைச் சுமக்கும் கொசு வந்துவிட்டது. வெளிநாட்டிலிருந்து கிருமியோடு திரும்பும் ஒரு பயணியின் ரத்தம் போதும், நோய் மீண்டும் பரவ. அதனால் அங்கே கிணறு கிணறாகப் பார்க்கிறார்கள், புழுக்கொல்லி மருந்து இடுகிறார்கள், புழு தின்னும் மீனை விடுகிறார்கள்.

தமிழ்நாட்டின் 1939-ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டத்திலேயே கொசு ஒழிப்புக்குத் தனிப் பகுதி உண்டு. நம் மாடித் தொட்டிகளின் மூடி மட்டும் இன்னும் பாதி திறந்தே கிடக்கிறது.