கண் எனும் கருவி – 9: கருவிழிக்கு எவ்வளவு சேதாரம்?

“லேசர்ல எடுப்பீங்களா, கத்தி வெச்சா?” கண்புரைக்காக வருபவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். ஊரில் லேசர் என்று சொல்லப்படுவது பெரும்பாலும் ஃபேகோ. அதில் புரையை உடைப்பது அல்ட்ராசவுண்ட் அதிர்வு. முறையின் பெயரைக் கேட்பவர்கள், தங்கள் கருவிழி அதைத் தாங்குமா என்று கேட்பதில்லை.

கருவிழியின் நடுப்பகுதி அரை மில்லிமீட்டர் பருமன்தான். அதன் உட்புறத்தில் எண்டோதீலியம் என்னும் செல்கள் ஒரே அடுக்காக, அறுகோண வடிவில் நெருங்கிப் பதிந்திருக்கின்றன. உள்ளே கசியும் நீரை ஓயாமல் வெளியேற்றுவது அவற்றின் வேலை. நடுவயதில் சதுர மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 2,500 செல்கள் இருக்கும். ஒரு செல் அழிந்தால் அந்த இடத்தில் புதியது முளைக்காது. பக்கத்துச் செல்கள் விரிந்து இடத்தை நிரப்பும். எண்ணிக்கை 500-ஐ ஒட்டி இறங்கிவிட்டால் நீர் தேங்கி, கருவிழி வீங்கிப் பார்வை மங்கும்.

எந்த முறையில் புரையை எடுத்தாலும் இந்தச் செல்களில் கொஞ்சம் போகும். பழைய தையல் முறையில் 10 முதல் 12 மில்லிமீட்டர் வரை கீறி, புரையை முழுசாக வெளியே எடுத்தார்கள். தையலின் இறுக்கம் கருவிழியின் வளைவை மாற்றியதால் கண்ணாடியில் சிலிண்டர் பவர் ஏறியது. நம் ஊர் இலவச முகாம் நோயாளிகளுக்குப் பெரிதும் கைகொடுக்கும் தையலில்லாச் சிறுகீறல் முறையில், வெண்விழியில் 6 அல்லது 7 மில்லிமீட்டருக்குச் சுரங்கம்போல் வழி அமைக்கிறார்கள். கெட்டியான புரை கருவிழிக்கு மிக அருகில் நழுவி வரும். அது உரசாமலிருக்க, டாக்டர்கள் ‘விஸ்கோ’ என்று சுருக்கிச் சொல்லும் வழவழப்பான திரவத்தை இடையில் நிரப்புவார்கள்.

ஃபேகோவை 1967-இல் நியூயார்க்கில் தொடங்கியவர் சார்லஸ் கெல்மன். பல் டாக்டரின் அல்ட்ராசவுண்ட் கருவியைப் பார்த்துப் பிறந்த யோசனை அது. இன்று 3 மில்லிமீட்டருக்கும் குறைந்த துளை போதும். நொடிக்குச் சுமார் 40,000 முறை அதிரும் ஊசி புரையை உடைத்து உறிஞ்சுகிறது. துளை சிறியது, ஆனால் அதிர்வின் சக்தி, சூடு, உள்ளே சுழலும் நீர், தெறிக்கும் துண்டுகள் எல்லாம் எண்டோதீலியத்தைத் தாக்கக்கூடியவை. பழுப்பேறி இறுகிய புரையென்றால் சக்தியைக் கூட்ட வேண்டும். மறுநாள் கட்டைப் பிரித்ததும் சிலருக்குப் புகைமூட்டமாகத் தெரிவது கருவிழி வீக்கத்தால்தான். பெரும்பாலும் சொட்டு மருந்தில் சில நாட்களில் வடிந்துவிடும்.

இந்த மூன்று முறைகளையும் ஒப்பிட்டுச் சென்னையில் நடந்த ஆய்வு ஒன்று 2005-இல் வெளியானது. செல் இழப்பில் பெரிய வித்தியாசம் தென்படவில்லை. சிலிண்டர் பவர் மட்டும் தையல் முறையில் அதிகமாகவும், சிறுகீறலில் அதைவிடக் குறைவாகவும், ஃபேகோவில் மிகக் குறைவாகவும் இருந்தது. ஆகவே, விலை கூடிய முறை என்பதாலேயே கருவிழிக்குப் பாதுகாப்பு கூடிவிடாது. மிகவும் முற்றிய புரைக்கும், செல்கள் குறைந்த கண்ணுக்கும் தேர்ந்த கை செய்யும் சிறுகீறலே பல நேரங்களில் நல்லது.

சர்க்கரை நோய், முன்பு கண்ணில் அடிபட்டது, ஃபக்ஸ் என்னும் பரம்பரைக் கருவிழிக் கோளாறு இவற்றில் எது இருந்தாலும் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். ஸ்பெகுலர் மைக்ரோஸ்கோப்பி என்ற சோதனை செல்களை எண்ணிக் காட்டிவிடும். கண்ணைத் தொடாமல் சில நிமிடங்களில் முடிந்துவிடும், வலி கிடையாது.

“புரை நல்லா முத்தட்டும், அப்புறம் எடுத்துக்கலாம்” என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வது தையல் முறைக் காலத்துப் பேச்சு. இன்று முற்றவிட்டால் சேதாரம் கருவிழிக்குத்தான். அன்றாட வேலைக்குப் பார்வை இடைஞ்சலாகிவிட்டால் தள்ளிப்போடாமல் போய்க் காட்டுங்கள்.

(தொடரும்)