37, 61, 88... உங்கள் வீட்டு கீபோர்டுக்கு எத்தனை 'கீ' வேண்டும்?

விஜயதசமி, கோடை விடுமுறை, பிறந்தநாள்... இந்த மூன்றில் ஒன்று நெருங்கினாலே, பல வீடுகளில் 'பிள்ளையை கீபோர்டு கிளாஸ்ல சேர்த்துடலாமா?' என்ற பேச்சு கிளம்பிவிடும். சேர்ப்பது சுலபம். முதல் வாரம் முடிவதற்குள் டீச்சர், "வீட்ல பிராக்டீஸ் பண்ண ஒரு கீபோர்டு வாங்கிடுங்க" என்பார். கடைக்குப் போய் நின்றதும் வரும் முதல் கேள்வியே குழப்பம்தான். "எத்தனை கீ பார்க்கிறீங்க?"

32, 37, 44, 49, 61, 76, 88 என்று வரிசையாக அடுக்கி வைத்திருப்பார்கள். 'சின்னக் குழந்தைதானே, சின்னதே போதும்' என்று சிலர் முடிவெடுப்பார்கள். 'வாங்குறதே வாங்குறோம், பெருசா வாங்கிடுவோம்' என்று சிலர் கடன் அட்டையை நீட்டுவார்கள். இரண்டிலுமே பணம் வீணாக வாய்ப்பு உண்டு. அதைவிடப் பெரிய நஷ்டம் வேறொன்று. பொருந்தாத கருவியில் சில மாதங்கள் போராடிவிட்டு, 'எனக்கு மியூசிக் வரலைம்மா' என்று குழந்தை ஒதுங்கிவிடும். வராதது குழந்தைக்கா, கருவிக்கா என்று யாரும் யோசிப்பதில்லை.

ஆகவே, கடைக்குப் போகும் முன் வீட்டிலேயே ஒரு கேள்விக்குப் பதில் தேடிவிடுங்கள். இந்தக் கருவியில் என்ன வாசிக்கப் போகிறோம்? 'எத்தனை கீ' என்பதற்கான விடை அதிலேயே இருக்கிறது.

12-ன் கணக்கு

கீபோர்டில் 7 வெள்ளை, 5 கறுப்பு என 12 கீகள் சேர்ந்தது ஒரு ஸ்தாயி. ஸ, ரி, க, ம, ப, த, நி முடிந்து மேல் 'ஸ' வரும்போது அடுத்த 12 தொடங்கும். இந்த 12-ஐப் பெருக்கி, கடைசியில் முடித்துவைக்க ஒரு கீ சேர்த்தால் கடையில் பார்த்த எண்களில் சில வந்துவிடும். இரண்டு ஸ்தாயிக்கு 25, மூன்றுக்கு 37, நான்குக்கு 49, ஐந்துக்கு 61. முழு பியானோவில் இருப்பது 7 ஸ்தாயிக்குச் சற்று அதிகம். 52 வெள்ளை, 36 கறுப்பு என மொத்தம் 88.

'அஞ்சு கட்டையில பாடுறா', 'ஒரு கட்டை ஸ்ருதி' என்று நம் வீடுகளில் சொல்கிறோமே, அந்தக் கட்டையும் ஹார்மோனியத்தின் இந்தக் கீதான். மேற்கத்திய இசையில் 'சி' எனப்படும் வெள்ளைக் கீ 1 கட்டை, 'டி' 2 கட்டை, 'ஜி' 5 கட்டை. நடுவில் இருக்கும் கறுப்புக் கீகள் ஒன்றரை, இரண்டரை, நாலரை, ஐந்தரை, ஆறரை.

பாட்டுக்குத் துணை மட்டும் போதுமா?

பாட்டு வகுப்புக்குப் போகும் மகள், ஸ்ருதி பிடிக்கவும் ஸ்வரங்களைச் சரிபார்க்கவும் ஒரு கருவி கேட்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். 5 கட்டையில் பாடுகிறவர், கீழே மந்தர பஞ்சமத்திலிருந்து மேலே தார பஞ்சமம் வரை போனாலும் மொத்தம் இரண்டு ஸ்தாயிதான். எண்ணிப் பார்த்தால் 25 கீ. பாட்டுக்குத் துணை வரும் ஹார்மோனியங்களே பெரும்பாலும் மூன்று, மூன்றரை ஸ்தாயிக்குள் அடங்கிவிடுகின்றன. இளையராஜா மெட்டமைக்க உட்காரும்போது அவர் முன்னால் இருப்பதும் அப்படியொரு ஹார்மோனியப் பெட்டிதான்!

எனவே, பாட்டுக்குத் துணை என்றால் 37 அல்லது 49 கீ தாராளம். கீ எண்ணிக்கையைக் காட்டிலும் 'டிரான்ஸ்போஸ்' வசதி இருக்கிறதா என்று பாருங்கள். விரல்கள் 1 கட்டையில் வாசிக்க, சத்தம் 5 கட்டையில் வரும்.

கர்னாடக இசையையே கீபோர்டில் வாசிக்க வேண்டும் என்றால் விஷயம் வேறு. கீபோர்டின் ஒரு கீ ஒரு ஸ்வரத்தில் நின்றுவிடும். கமகத்துக்குத் தேவையான அசைவு அதில் வராது. ஸ்வரத்தை வளைக்க உதவும் 'பிட்ச் பெண்ட்' சக்கரம் சில மாடல்களில் இருக்கும், சிலவற்றில் இருக்காது. இந்த வகைக் கற்றலுக்குக் கூடுதலாக ஒரு ஸ்தாயி இருப்பதைவிட அந்தச் சக்கரம் இருப்பதுதான் பயன்.

61... பெரும்பாலான வீடுகளுக்கான எண்

சினிமா பாட்டு, பக்திப் பாடல், தேவாலயப் பாடல், பள்ளி ஆண்டு விழா என எல்லாவற்றுக்கும் வாசிக்க வேண்டும். இடது கை கார்டு பிடிக்க, வலது கை மெட்டு வாசிக்க வேண்டும் என்றால் 61 கீக்குக் கீழே இறங்காதீர்கள்.

காரணம் எளிது. கீபோர்டில் தாளமும் பின்னணியும் தானாக ஒலிக்கும் 'ஆட்டோ அக்கம்பனிமென்ட்' வசதியைப் போட்டதும், இடப்பக்கத்தில் சுமார் ஒன்றரை ஸ்தாயியை இடது கையின் கார்டுகள் எடுத்துக்கொள்ளும். 61 கீயில் மீதி மூன்றரை ஸ்தாயி வலது கைக்குக் கிடைக்கும். 37 கீயில் மிஞ்சுவது ஒன்றரைதான். சரணத்தில் மெட்டு மேலே ஏறும்போது கீ தீர்ந்துவிடும்.

'ஆக்டேவ் பட்டன் இருக்கே, அதை அழுத்தினால் மேல் ஸ்தாயி வந்துடுமே' என்று கடையில் சொல்லலாம். வரும்தான். ஆனால், கீ கூடாது. ஜன்னலைப் பெரிதாக்காமல், அதே ஜன்னலை வலப்பக்கம் நகர்த்துவது போலத்தான் அது. மேலே பார்க்கும்போது கீழே இருப்பது மறைந்துவிடும்.

பியானோதான் இலக்கு என்றால்...

பியானோவும் 88 கீயோடு பிறந்துவிடவில்லை. இத்தாலியின் ஃப்ளாரன்ஸ் நகரில், 1700-ம் ஆண்டுவாக்கில் பார்த்தலோமியோ கிறிஸ்டோஃபோரி உருவாக்கிய பியானோக்களில் இருந்தது நான்கு, நான்கரை ஸ்தாயிதான். மொஸார்ட் வைத்திருந்த பியானோவில் 61 கீ. பீத்தோவனுக்கு லண்டனின் பிராட்வுட் நிறுவனம் 1817-ல் அனுப்பிய பியானோவில் 6 ஸ்தாயி. கேட்கும் ஒலியின் பரப்பு விரிய விரிய கீகளும் கூடி, 1880-களில் 88 என்று நிலைத்தது. அதற்கு மேலும் போனவர்கள் உண்டு. ஆஸ்திரியாவின் பூஸன்டார்ஃபர் நிறுவனத்தின் 'இம்பீரியல்' பியானோவில் 97 கீ! ஆனால், உலகம் முழுக்கப் பெரும்பாலான பியானோ இசை 88-க்குள் அடங்கிவிடுகிறது.

'மொஸார்ட்டுக்கே 61 போதுமென்றால் நமக்கு ஏன் 88?' என்று கேட்கலாம். இங்கேதான் ஒரு நுட்பம். எண் ஒன்றே தவிர, தொடங்கும் இடம் வேறு. மொஸார்ட்டின் பியானோ கீழே 'எஃப்'-பில் தொடங்கியது. இன்றைய 61 கீ கீபோர்டு அதற்கு 7 கீ தள்ளி, 'சி'-யில் தொடங்குகிறது. அதனால், இடது கைக்கான அடி ஸ்வரங்களில் சில கிடைக்காமல் போகலாம். பிற்கால இசையமைப்பாளர்களின் பியானோ படைப்புகளுக்கு 61 இன்னும் பற்றாது.

இன்னொரு சின்னச் சிக்கலும் உண்டு. பியானோவின் நடு 'சி', இடமிருந்து நான்காவது 'சி'. 61 கீயில் அது மூன்றாவது. ஒன்றில் பழகிய குழந்தை இன்னொன்றின் முன் உட்காரும்போது சற்றுத் தடுமாறும். ஆனால், இது சில நாள்களில் சரியாகிவிடும்.

எண்ணிக்கையைவிட முக்கியமான இரண்டு

சீக்கிரத்தில் சரியாகாத தடுமாற்றம் வேறு இரண்டு இருக்கின்றன. விலைச் சீட்டில் இவை பெரிதாக எழுதப்பட்டிருக்காது. நாம்தான் கேட்க வேண்டும்.

முதலாவது, கீயின் அகலம். பியானோவின் ஒரு வெள்ளைக் கீ சுமார் 23.5 மி.மீ அகலம். ஒரு ஸ்தாயி சுமார் 16.5 செ.மீ. குழந்தைகளுக்கான சின்ன மாடல்கள் பலவற்றில் 'மினி கீ' வரும். சிறு விரல்களுக்கு அது வசதிபோலத் தெரியும். ஆனால், எந்த ஸ்வரம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்து வாசிப்பதில்லை. விரல்கள் தூரத்தை மனப்பாடம் செய்கின்றன. தவறான தூரத்தை மனப்பாடம் செய்தால், வகுப்பில் இருக்கும் முழு அளவு கீபோர்டில் விரல் பிசகும். வீட்டில் சரியாக வாசித்த பாடம் வகுப்பில் தப்பும்போது, குழந்தையின் நம்பிக்கை அங்கேதான் உடைகிறது.

இரண்டாவது, தொடு உணர்வு. மெதுவாக அழுத்தினால் மெல்லிய ஒலி, ஓங்கி அழுத்தினால் பலத்த ஒலி. இதை 'டச் சென்ஸிடிவ்' அல்லது 'டச் ரெஸ்பான்ஸ்' என்பார்கள். இது இல்லாத கீபோர்டில் எப்படித் தொட்டாலும் ஒரே சத்தம். இசையின் பாதி அழகு ஏற்ற இறக்கத்தில் இருக்கும்போது, அதைப் பழகவே வழியில்லாமல் போகும்.

பியானோ கற்கிறவர்களுக்கு இதற்கும் ஒருபடி மேலே, கீயின் கனம் வேண்டும். உண்மையான பியானோவில் கீயை அழுத்தினால், உள்ளே ஒரு சுத்தியல் எழும்பித் தந்தியில் அடிக்கும். அதற்குச் சுமார் 50 கிராம் அளவு அழுத்தம் தேவை. அந்தக் கனத்தை அப்படியே தரும் 'ஹேமர் ஆக்‌ஷன்' கீகள் டிஜிட்டல் பியானோக்களில் இருக்கும். சாதாரண கீபோர்டின் லேசான கீகளில் மட்டுமே வருடக்கணக்கில் பழகியவருக்கு, பியானோ முன் அமர்ந்ததும் விரல் வலிக்கும். ஒலி சீராக வராது. 88 கீ இருந்தும் கனமில்லாத மாடல்களும் கடையில் உண்டு என்பதால், 88 என்ற எண்ணை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம். பியானோ கற்கும் குழந்தைக்குக் கனமில்லாத 88-ஐவிட, கனமுள்ள 73, 76 கீகூட உதவியாக இருக்கும்.

கிரேடு தேர்வு எழுதுவதாக இருந்தால்...

லண்டன் டிரினிட்டி கல்லூரியின் கிரேடு தேர்வுகளில் பியானோவுக்கும் எலெக்ட்ரானிக் கீபோர்டுக்கும் தனித்தனிப் பாடத்திட்டம் இருக்கிறது. இரண்டிலும் 'இனிஷியல்' தொடங்கி கிரேடு 8 வரை படிகள் உண்டு. 'கிரேடு எக்ஸாம்' என்று மட்டும் கேட்டுக்கொண்டு கருவி வாங்கிவிட்டு, பிறகு அது வேறு பாடத்திட்டம் என்று தெரிந்தால் சங்கடம். உங்கள் பிள்ளை எதற்குத் தயாராகிறது, அதற்கு எப்படிப்பட்ட கருவி தேவை என்பதை டீச்சரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொண்டு கடைக்குப் போங்கள்.

ஆன்லைனில் வாங்கும்போது ஒரு எச்சரிக்கை

25, 49, 61 கீ அளவுகளில் 'மிடி கன்ட்ரோலர்' என்று ஒன்று கிடைக்கும். படத்தில் கீபோர்டு போலவே இருக்கும். கணினியில் இசை அமைக்கிறவர்களுக்கான கருவி இது. பெரும்பாலானவற்றில் ஸ்பீக்கரும் இல்லை, சொந்த ஒலியும் இல்லை. கணினியுடன் இணைத்தால்தான் பாடும். குழந்தைக்குப் பிறந்தநாள் பரிசாக இதை ஆர்டர் செய்துவிட்டு, 'சத்தமே வரலையே' என்று விழிக்க வேண்டாம். விவரக் குறிப்பில் ஸ்பீக்கர் இருக்கிறதா என்று படித்துவிட்டு வாங்குங்கள்.

வீட்டில் இடம் இருக்கிறதா?

61 கீ கீபோர்டு சுமார் மூன்றடி நீளம். எடையும் பெரும்பாலும் 3 முதல் 5 கிலோவுக்குள் இருக்கும். பையில் போட்டு முதுகில் மாட்டி, டூவீலரில் வகுப்புக்கே எடுத்துப் போகலாம். 88 கீ டிஜிட்டல் பியானோ சுமார் நாலரை அடி. மெலிதான மாடலே 11 கிலோ வரை வரும். அதற்கு நிலையான ஓர் இடம் வேண்டும்.

இதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். பீரோவின் மேலோ கட்டிலுக்கு அடியிலோ போகும் கருவி, மெல்ல மறக்கப்படும். தினமும் 20 நிமிடம் பயிற்சி நடக்க வேண்டுமானால், கருவி எப்போதும் ஸ்டாண்டில் தயாராக இருக்க வேண்டும். உங்கள் ஹாலில் மூன்றடி சுவர்தான் காலியாக இருக்கிறது என்றால், அதுவும் எண்ணிக்கையைத் தீர்மானிக்கும் காரணம்தான்.

கடையில் இந்த 10 நிமிடம்

* வாசிக்கப்போகும் குழந்தையை அழைத்துப் போங்கள். உட்கார்ந்து வாசிக்க விடுங்கள்.
* ஒரே கீயை மெதுவாகவும் ஓங்கியும் அழுத்திப் பாருங்கள். சத்தம் மாறுகிறதா?
* சஸ்டெயின் பெடல், ஹெட்போன் இணைக்க இடம் இருக்கிறதா? ஹெட்போன் இருந்தால் அக்கம்பக்கத்துக்குத் தொந்தரவில்லாமல் இரவிலும் பழகலாம்.
* அடாப்டர், ஸ்டாண்ட், பை ஆகியவை விலையில் சேர்த்தியா, தனியா என்று கேளுங்கள்.
* செகண்ட் ஹேண்ட் என்றால், முதல் கீயிலிருந்து கடைசி கீ வரை ஒவ்வொன்றாக அழுத்துங்கள். உள்ளே இருக்கும் ரப்பர் தொடுமுனைகள் தேய்ந்தாலோ தூசி படிந்தாலோ, சில கீகள் ஊமையாகும். சில திடீரென்று அலறும்.

சுருக்கமாக...

* ஸ்ருதி, ஸ்வரப் பயிற்சிக்கு மட்டும்: 37 அல்லது 49.
* முதன்முதலாகக் கற்கும் குழந்தை, சினிமா மற்றும் பக்திப் பாடல்கள், கீபோர்டு வகுப்பு: முழு அளவு, தொடு உணர்வுள்ள 61.
* மெல்லிசைக் குழு, தேவாலயம் எனத் தொடர்ந்து மேடையில் வாசிப்பவர்கள்: 61 அல்லது 76.
* பியானோ வகுப்பு, பியானோ கிரேடு தேர்வு: கனமுள்ள கீகளோடு 88.

பியானோவா, கீபோர்டா என்று இன்னும் முடிவாகவில்லையா? நல்ல 61 ஒன்றில் தொடங்குங்கள். செகண்ட் ஹேண்டாக இருந்தாலும் பரவாயில்லை. ஓராண்டு கழித்து, குழந்தை இடது கையை நீட்டித் தேடும்போது அங்கே கீ இல்லை என்று சொன்னால், சந்தோஷப்படுங்கள். 88-க்குச் சேமிக்கத் தொடங்க வேண்டிய நேரம் அதுதான்.