கொடி தழைத்தும் அவரை பூக்காதது ஏன்?

கயத்தாறு, கோவில்பட்டிப் பகுதி வீட்டுக் கொல்லைகளில் மாசி, பங்குனியில் ஊன்றிய நாட்டு அவரை, ஆனிக்குள் கூரை ஏறிக் கருகருவென்று தழைத்திருக்கும். பூ மட்டும் இராது. மலட்டுக் கொடி என்று வெட்டி ஆட்டுக்குப் போடுவோர் உண்டு. ஊக்கி மருந்துக்குப் பணம் செலவழிப்போரும் உண்டு. இரண்டும் நட்டமே.

நாட்டுப் பந்தல் அவரை, இரவு நீளும் காலத்தில்தான் மொட்டுக் கட்டும். நம் பகுதியில் ஆனி மாதப் பகல், மார்கழிப் பகலைவிடச் சுமார் ஒரு மணி நேரம் அதிகம். நாம் அதைக் கவனிப்பதில்லை, கொடி கவனிக்கிறது. கோடையில் உயர்ந்து வளர்ந்தும் பூக்காத ஒரு புகையிலை இரகத்தை ஆராய்ந்து, பகலின் நீளமே காரணம் என்று கார்னர், ஆல்லார்டு என்ற அமெரிக்க அறிஞர்கள் 1920-இல் வெளியிட்டனர்.

ஆகவே கொடியைப் பிடுங்காதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் பூக்கும். அதுவரை யூரியா இட வேண்டாம். அவரை தன் வேர் முடிச்சுகளின் மூலம் காற்றிலுள்ள தழைச்சத்தைப் பெற்றுக்கொள்ளும் பயிர். மேலும் இட்டால் இலைதான் பெருகும். விடிய விடிய எரியும் விளக்கடியில் பந்தல் போடுவதும் நல்லதன்று.

அடுத்த முறை பந்தல் அவரையை ஆடிப்பட்டத்தில் ஊன்றுங்கள். கோடையிலும் காய் வேண்டுமாயின், பகல் நீளத்தைப் பொருட்படுத்தாத கோ 13, அர்கா ஜெய் போன்ற குத்து அவரை இரகங்களை நடலாம். இவை இரண்டு மாதத்திற்குள் பூத்துவிடும். பக்கத்து வீட்டில் விதை வாங்கினாலும், கொடியா குத்தா என்று கேட்டு வாங்குங்கள். விதையைப் பார்த்து மட்டும் பிரித்தறிவது கடினம்.