கல்லில் நிற்கும் மாடுகள்

ஈஜிபுராவின் குறுகிய தெருக்களில் வீடு கட்டுவோர் பலரும் சமையல் மேடைக்கு மெருகேற்றிய கருங்கல்லையே தேர்ந்தெடுக்கின்றனர். அக்கல் எந்தக் குன்றிலிருந்து வந்தது என்று நாம் கேட்பதில்லை. பெல்லாரியை அடுத்த குப்கல் குன்றில் ஏறியபோதுதான் எமக்கு அவ்வினா எழுந்தது.

பெங்களூரிலிருந்து இரவு ஹம்பி விரைவு வண்டியில் புறப்பட்டால் விடியற்காலையில் பெல்லாரியை அடையலாம். 1953 வரை சென்னை மாநிலத்தோடு இருந்த ஊர் அது. வெளிறிய கிரானைட் குன்றை ஊடறுத்து, டாலரைட் எனும் கரும்பாறைகள் வரிசையாகக் கிடக்கின்றன. புதிய கற்கால மக்கள் அவற்றின் கருத்த மேற்பரப்பைக் கல்லால் கொத்திக் கொத்தி உருவங்களைப் படைத்துள்ளனர். நீண்ட கொம்பும் திமிலும் கொண்ட மாடுகளே மிகுதி; இடையிடையே மனிதர்களும் உண்டு. சில உருவங்கள், தொங்கிக்கொண்டுதான் செதுக்கியிருக்க முடியும் எனத் தோன்றுமளவு எட்டாத இடங்களில் உள்ளன.

ஏன் இத்தனை மாடுகள்? சுற்றுவட்டாரத்தில் சாணத்தைக் குவித்து எரித்ததால் உண்டான சாம்பல் மேடுகள் விடை கூறுகின்றன. அம்மக்களின் வாழ்வு மந்தையைச் சார்ந்தது. தமிழில் ‘மாடு’ என்ற சொல்லுக்குச் செல்வம் என்றும் பொருளுண்டு அன்றோ? அவர்களுடைய கணக்கேடு இப்பாறைகளே என்று வங்கி இதழில் சொல்வது மிகையானால் வாசகர்கள் பொறுத்தருள்க.

சென்னை மாகாணக் காவல்துறை அதிகாரி பிரெட் பாசெட் 1892-இல் இவற்றைப் பற்றி எழுதினார். வயநாட்டின் எடக்கல் குகைச் செதுக்கல்களை உலகறியச் செய்தவரும் அவரே. இங்குள்ள சில பாறைகளில் குழிகள் தென்படுகின்றன. அவ்விடத்தில் கல்லால் தட்டினால் வெண்கல மணிபோல் ஓசை எழும். ஓவியமும் இசையும் ஒரே இடத்தில் கலந்திருக்கலாம் என்பது ஆய்வாளர் கருத்து.

ஆயினும், வணிகத்துக்காகக் கல்லுடைப்போர் இக்குன்றின் சில பகுதிகளை ஏற்கெனவே சிதைத்துவிட்டனர். வெட்டிய கல்லுக்கு விலை உண்டு. மாடுகளோடு கூடிய பாறைக்கு ஈடாக எதைத் தர இயலும்?

செல்ல விரும்புவோர் பெல்லாரியிலுள்ள இராபர்ட் புரூஸ் பூட் அருங்காட்சியகத்தை முதலில் காண்பது நன்று. செதுக்கல்கள்மீது சுண்ணக்கட்டியால் கோடிடவோ, நீர் தெளிக்கவோ வேண்டா. காலையிலேயே ஏறிவிடுங்கள், சாய்ந்து விழும் வெயிலில்தான் கொம்புகள் தெளிவாகத் தெரிகின்றன.