திரையிசைக் கல்வியும் கூத்தின் மத்தளமும்

திரைப்படத்துக்கும் தொலைக்காட்சிக்கும் இசையமைக்கும் கலை இன்று முதுமாணிப் பட்டத்துக்குரிய துறையாகியுள்ளது. லண்டன் ரோயல் இசைக் கல்லூரியிலும், அமெரிக்காவின் பெர்க்லி இசைக் கல்லூரி ஸ்பெயினின் வலென்சியாவில் நடத்தும் வளாகத்திலும் இதனைப் பயிலலாம். மெட்டமைப்பது மாத்திரம் அங்கு பாடமல்ல. காட்சியின் எந்த நொடியில் இசை தொடங்க வேண்டும், உரையாடலின்போது எவ்வாறு அடங்கியொலிக்க வேண்டும், எங்கே மௌனமே போதுமானது என்பவற்றை நெறியாளருடன் அமர்ந்து தீர்மானிப்பதே அப்பயிற்சியின் உயிர்நாடி.

வெல்லாவெளி உள்ளிட்ட படுவான்கரைக் கிராமங்களின் அண்ணாவிமாருக்கு இது முற்றிலும் புதியதன்று. கூத்தரின் வரவுக்கும் போருக்கும் வெவ்வேறு தாளக்கட்டுகளை மத்தளத்தில் வகுப்பவர்கள் அவர்கள். கிழக்கின் முஸ்லிம் ஊர்களின் களிகம்பும் றபானும் அத்தகைய செல்வங்களே. ஆயினும், நொடிக்கணக்கில் இசையை எழுதவும் ஒலிப்பதிவுக் கூடத்தில் கையாளவும் செவிவழிப் பயிற்சி மாத்திரம் போதாது. சிங்களத் திரையிசையில் ஆர். முத்துசாமியும் எம். கே. ரொக்சாமியும் தடம் பதித்த காலத்தில் வாத்தியக் குழுவே பள்ளிக்கூடமாக இருந்தது. இன்றோ ஒருவரே கணினியில் முழு இசையையும் உருவாக்கிவிட முடிகின்றது. இளையோர் அருகிருந்து பழகும் வாய்ப்பும் அதனால் அருகிவிட்டது.

கல்லடியில், ‘யாழ்நூல்’ தந்த விபுலானந்த அடிகளின் பெயரால் அழகியற் கற்கைகள் நிறுவகம் இயங்குகின்றது. அண்ணாவிமாரையும் ஆசான்களாகக் கொண்ட திரையிசைப் பட்டப்பின் படிப்பொன்றை அங்கு அமைப்பது குறித்துக் கிழக்குப் பல்கலைக்கழகம் ஆராய வேண்டுமென நாம் கேட்டுக்கொள்கின்றோம். லண்டனின் கட்டணம் வெல்லாவெளி விவசாயியின் பிள்ளைக்கு எட்டக்கூடியதல்ல.