சிமென்ட் மேல் விழுந்த பழி

இடுப்பு மூட்டை மாற்ற வேண்டும் என்று டாக்டர் சொல்லி முடித்ததும், வெளியே வராந்தாவில் ஒரு பட்டிமன்றம் தொடங்கிவிடும். சிமென்ட் போட்டுப் பொருத்துவதா, சிமென்ட் இல்லாமலா? நோயாளிக்கு எழுபது வயது என்றால் பேச்சு சீக்கிரம் அடங்கும். முப்பத்தைந்து என்றால் அடங்காது. ‘சிமென்ட்டெல்லாம் பழைய முறைப்பா, இருபது வருஷத்துல ஆட்டம் கண்டுடும்’ என்பார் ஒரு சித்தப்பா. வீடு கட்டி அடிபட்டவர். கட்டுமான விஷயத்தில் அவர் சொல்லுக்கு மறுசொல் கிடையாது.

சித்தப்பாவின் தீர்ப்பில் பாதி சரி. மறுபாதி, எலும்பு மருத்துவர்களே பல ஆண்டுகள் நம்பிக்கொண்டிருந்த ஒரு தவறு.

இந்த சிமென்ட்டுக்கும் சுண்ணாம்புக்கல்லுக்கும் சம்பந்தமில்லை. பாலிமெத்தில் மெத்தாக்ரிலேட் என்று பெயர். பல்செட்டில் ஈறு மாதிரி இளஞ்சிவப்பாக இருக்குமே, அந்த அக்ரிலிக்தான். ஒரு பாக்கெட் பொடி, ஒரு குப்பி திரவம். இரண்டையும் கலக்கும்போது ஆபரேஷன் தியேட்டர் முழுக்க நெடி ஏறும். முதலில் கூழாக இருக்கும், பிறகு சப்பாத்தி மாவுப் பதத்துக்கு வரும். கையுறையில் ஒட்டாத பதம் வந்ததும் தொடை எலும்பின் குழிக்குள் நிரப்பி, உலோகத் தண்டை இறக்குவார்கள். சூடேறி, பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் கல்லாகிவிடும். மறுநாளே நோயாளி பாரத்தை ஊன்றி நிற்கலாம்.

பலரும் இதைப் பசை என்று நினைக்கிறார்கள். இது எதையும் எதோடும் ஒட்டாது. ஜன்னல் சட்டத்தைச் சுவரில் நிறுத்தி, சுற்றியுள்ள சந்தில் மேஸ்திரி கலவையைத் திணித்து இறுக்குகிறாரே, அந்த வேலைதான் இதற்கும். எலும்பின் உட்புறம் துளைதுளையாக இருப்பதால் சிமென்ட் அந்தத் துளைகளுக்குள் புகுந்து பிடித்துக்கொள்கிறது. ரத்தமும் கொழுப்பும் மிச்சமிருந்தால் பிடிப்பு போச்சு. அதனால்தான் இன்று குழியை நீர் பீய்ச்சிக் கழுவி, அடியில் ஓர் அடைப்பு வைத்து, துப்பாக்கி போன்ற கருவியால் கீழிருந்து மேலாக நிரப்பி அழுத்தம் கொடுக்கிறார்கள். ஆரம்ப காலத்தில் விரலால்தான் திணித்தார்கள். இந்த வித்தியாசத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இடுப்பு மூட்டுக்கு அக்ரிலிக்கை நிலைக்க வைத்தவர் ஜான் சார்ன்லி. இங்கிலாந்தின் லங்காஷயரில், முன்பு காசநோயாளிகளுக்கென இருந்த ரைட்டிங்டன் மருத்துவமனையில் வேலை பார்த்தவர். மான்செஸ்டரில் பல் மருத்துவப் பொருள்களை ஆராய்ந்த டென்னிஸ் ஸ்மித்தான் அவருக்கு இந்த வழியைக் காட்டிக்கொடுத்தார். தொடை எலும்பில் தண்டு உறுதியாக நின்றது. சிக்கல் கிண்ணத்தில் வந்தது. பந்து சுழலும் கிண்ணத்துக்கு சார்ன்லி முதலில் எடுத்தது டெஃப்லான், ஒட்டாத தோசைக்கல்லில் பூசுகிற அதே சரக்கு. வழுக்கும் என்று நம்பி வைத்தார். சில ஆண்டுகளிலேயே அது தேய்ந்து, துகள் திரண்டு, சுற்றியிருந்த எலும்பையும் அரித்தது. அதற்குள் ஏறத்தாழ 300 பேருக்கு வைத்தாகிவிட்டது. தவறு எங்கே என்று அறிய, டெஃப்லான் துகளைத் தன் தொடையிலேயே செலுத்திக்கொண்டார். அந்த இடம் வீங்கிக் கட்டி எழும்பியது.

மாற்று கிடைத்த விதம் வேடிக்கை. நெசவாலை இயந்திரங்களின் பல்சக்கரத்துக்கு ஏற்ற பிளாஸ்டிக் ஒன்றை விற்க ஒருவர் ரைட்டிங்டனுக்கு வந்தார். சார்ன்லி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவருடைய டெக்னீஷியன் ஹாரி கிரேவன் விடவில்லை. அந்தத் துண்டைத் தேய்மான இயந்திரத்தில் மாட்டி ஓடவிட்டார். நாள்கணக்கில் ஓடியும் அது தேய மறுத்தது. 1962 நவம்பரில் அந்தப் பாலிஎத்திலீனில் கடைந்த கிண்ணம் முதன்முதலாக ஒரு நோயாளியின் இடுப்புக்குப் போயிற்று. நவீன இடுப்பு மூட்டு மாற்றின் பிறந்தநாளாக அதைத்தான் கொள்கிறார்கள்.

டெஃப்லான் கதையை விரித்துச் சொல்லக் காரணம் உண்டு. எலும்பை அரிப்பது தேய்ந்த துகள்தான் என்பதற்கான சாட்சி, சார்ன்லியின் தொடையிலேயே இருந்தது. கால் நூற்றாண்டு கழித்து மருத்துவ உலகம் அந்தச் சாட்சியை மறந்து, வேறோர் ஆளைக் கூண்டில் ஏற்றியது.

சார்ன்லி இளையவர்களுக்குத் தன் மூட்டை வைக்கத் தயங்கினார். ஓடியாடி வேலை செய்கிறவர் ஒவ்வொரு காலிலும் ஆண்டுக்குப் பத்து லட்சம் அடிகளாவது எடுத்துவைப்பார். அத்தனையும் கிண்ணத்தின் மேல் உரசல். ஆனால் எல்லா இளையவர்களாலும் அறுபது வயதுவரை காத்திருக்க முடியாது. நம் நாட்டு ஆர்த்தோ வார்டுகளில் முப்பதுகளில் மூட்டு மாற்ற வருகிறவர்களில் ஏவிஎன் நோயாளிகள்தான் அதிகம். தொடை எலும்பின் பந்துக்கு ரத்தம் போவது நின்று, அது உள்ளுக்குள்ளேயே செத்து நொறுங்கும் நோய் அது. ஸ்டீராய்டு, மது, எப்போதோ நடந்த விபத்து என்று காரணங்கள் பல. பலருக்குக் காரணமே பிடிபடாது. அடுத்தது, இருபதுகளிலேயே முதுகெலும்பையும் இடுப்பையும் சேர்த்துப் பூட்டிவிடும் ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ். நிற்கவும் முடியாமல் உட்காரவும் முடியாமல் வருகிற இருபத்தெட்டு வயதுப் பையனிடம் ‘இன்னும் முப்பது வருஷம் பொறு’ என்று எந்த டாக்டர் சொல்ல முடியும்?

உலகெங்கும் தயக்கம் தளர்ந்து இளையவர்களுக்கும் வைக்கத் தொடங்கியபோது, எக்ஸ்ரேயில் வேண்டாத காட்சிகள் தெரிந்தன. சிமென்ட்டைச் சுற்றிக் கறுப்புக் கோடு. எலும்பில் செல்லரித்த மாதிரிக் குழிகள். திறந்து பார்த்தால் தண்டு ஆடிக்கொண்டிருக்கிறது, பக்கத்தில் உடைந்த சிமென்ட். திருட்டு நடந்த இடத்தில் நின்றவனைப் பிடித்த கதைதான். 1987-இல் வெளிவந்த ஓர் ஆய்வுக் கட்டுரை இதற்கு ‘சிமென்ட் நோய்’ என்றே பெயர் வைத்தது. சிமென்ட்டை ஒழித்தால் நோய் ஒழியும் என்று ஒரு தலைமுறை நம்பியது.

ஒழிக்க வழியும் தயாராக இருந்தது. டைட்டானியத்தை எலும்பு தன்னோடு சேர்த்துக்கொள்ளும் என்பதை ஸ்வீடனில் பிரோனமார்க் 1950களிலேயே முயல்களின் காலில் கண்டிருந்தார். இடுப்புத் தண்டின் மேல் நுண்மணிகளைப் பதித்தோ, எலும்பின் கனிமமான ஹைட்ராக்ஸிஅபடைட்டைப் பூசியோ சொரசொரப்பாக்கினால், எலும்பு அதற்குள் வளர்ந்து பற்றிக்கொள்ளும். பொருத்தும் முறை தச்சனுக்குப் புரியும். வைக்கப்போகும் கிண்ணத்தைவிட ஒன்றிரண்டு மில்லிமீட்டர் சிறிதாகக் குழியைக் கடைந்து, கிண்ணத்தைச் சுத்தியலால் தட்டி இறுக்குவது. தட்டத் தட்ட ஓசை மாறும். அனுபவப்பட்ட டாக்டர் அந்த ஓசையை வைத்தே ‘உட்கார்ந்துவிட்டது’ என்பார்.

ஆனால் அன்றைக்கு இருப்பது வெறும் இறுக்கம்தான். உறவு பிறகுதான் பிறக்க வேண்டும். எலும்பு உள்ளே வளர ஆறிலிருந்து பன்னிரண்டு வாரம் ஆகும். அந்த நாள்களில் தண்டு 150 மைக்ரானுக்கு மேல், அதாவது இரண்டு தலைமுடி கனத்துக்குச் சற்றுக் கூடுதலாக, அசைந்துகொண்டே இருந்தால் எலும்புக்குப் பதில் நார்த்திசு வளரும், பிடிப்பு வராது. சிமென்ட் முதல் நாள்தான் தன் முழுப் பலத்தோடு இருக்கும், அதன் பிறகு உடம்பு அதைப் புதுப்பிக்காது. எலும்புப் பிடிப்பு முதல் நாள் பலவீனம், ஆனால் உயிருள்ளது. தன்னைத் தானே செப்பனிட்டுக்கொள்ளும். இளவயதுக்காரரின் கெட்டியான, ரத்த ஓட்டமுள்ள எலும்புக்கு இரண்டாவது வழி பொருந்தும் என்ற வாதத்தில் அன்றும் இன்றும் பிழை இல்லை.

பிழை வேறிடத்தில் இருந்தது. சிமென்ட் ஒரு துளிகூடப் படாத மூட்டுகளைச் சுற்றியும் எலும்பில் அதே குழிகள் விழுந்தன. பழி ஓரிடம், பாவம் ஓரிடம். கிண்ணத்தின் பாலிஎத்திலீன் தேய்ந்து கண்ணுக்குத் தெரியாத துகளாக உதிர்கிறது. உடம்பின் துப்புரவு அணுக்கள் அவற்றை விழுங்குகின்றன, செரிக்க முடியாமல் எரிச்சலடைகின்றன, அந்த எரிச்சலில் பக்கத்து எலும்பு கரைகிறது. இதை வில்லர்ட், செம்லிட்ச் என்ற இருவர் 1977-இலேயே விவரித்திருந்தார்கள். ‘சிமென்ட் நோய்’ என்ற பெயர் பிறந்ததே அதற்குப் பத்து ஆண்டு கழித்து! பெயருக்கு இருக்கும் கவர்ச்சி ஆராய்ச்சிக்கு இருப்பதில்லை போலிருக்கிறது.

சிமென்ட் முற்றிலும் நிரபராதி என்று சொல்லவில்லை. விரலால் திணித்த காலத்து சிமென்ட் விரிசல் விட்டது உண்மை. தண்டின் வடிவமும் விளையாடியது. இதற்கு எக்ஸிடர் தண்டின் கதையைவிட நல்ல பாடம் இல்லை. 1970-இல் ராபின் லிங் என்ற மருத்துவரும் கிளைவ் லீ என்ற பொறியியலாளரும் சேர்ந்து, இங்கிலாந்தின் எக்ஸிடரில் கண்ணாடிபோல் மெருகிட்ட ஆப்பு வடிவத் தண்டு ஒன்றை உருவாக்கினார்கள். 1976 வாக்கில் மேற்பரப்பைச் சற்றே மங்கலாகச் சொரசொரப்பாக்கினார்கள். பிடிப்பு கூடும் என்றுதானே யாருக்கும் தோன்றும்? ஆட்டம் கண்டவைதான் கூடின. 1986-இல் பழைய மெருகுக்கே திரும்பினார்கள். மண்வெட்டிக் காம்பில் ஆப்பு அடித்தவர்களுக்கு இதன் சூட்சுமம் விளங்கும். மெருகுள்ள தண்டு பாரம் விழ விழ சிமென்ட்டுக்குள் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் இறங்கி, மேலும் இறுகி உட்காரும். சொரசொரப்பானது இறங்கவும் மாட்டாது, முழுதாகப் பிடிக்கவும் மாட்டாது, அரைத்துக்கொண்டே இருக்கும். அந்த மெருகுத் தண்டு இளையவர்களிடமும் நீண்ட காலம் தாக்குப்பிடித்திருக்கிறது.

இன்றைய நிலவரம் என்ன? தொடைத் தண்டைப் பொறுத்தவரை, கைதேர்ந்தவர் வைத்தால் இரண்டு வழியும் தேறும். கிண்ணத்தின் பக்கம்தான் சிமென்ட் உண்மையாகவே தோற்றது. இளையவர்களின் இடுப்பில் சிமென்ட் கிண்ணங்கள் காலப்போக்கில் தளர்ந்தன. எலும்பு வளர்ந்து பற்றும் கிண்ணங்கள் நின்றன. நெதர்லாந்தின் நைமேகனில் ஸ்லூஃப் குழுவினர், எலும்புச் சீவல்களைக் குழியில் இடித்து நிரப்பி அதன் மேல் சிமென்ட் கிண்ணம் வைத்து, ஐம்பது வயதுக்குக் கீழானவர்களிடமும் நல்ல பலன் கண்டார்கள். அது பொறுமையும் கைப்பழக்கமும் கேட்கும் வேலை, பரவலாகவில்லை. நம் ஊரிலும் இளையவர்களுக்குப் பெரும்பாலும் இரு பக்கமும் சிமென்ட் இல்லாமல்தான் வைக்கிறார்கள். கிண்ணம் மட்டும் சிமென்ட் இல்லாமல், தண்டு சிமென்ட்டோடு என்ற கலப்பு முறையும் உண்டு. எலும்பு மெலிந்த முதியவருக்குத் தண்டைத் தட்டி இறக்கினால் எலும்பே பிளக்கலாம் என்பதால், அங்கே சிமென்ட்தான் பாதுகாப்பு. சித்தப்பாவின் கணக்கு இந்த இடத்தில் தலைகீழாகும்.

என் கணிப்பில் இளையவர்களுக்கு ஆயுளைக் கூட்டிக்கொடுத்தது பொருத்தும் முறையைவிட உரசும் பரப்புதான். 1990களின் கடைசியில் கதிர்வீச்சால் மூலக்கூறுகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் பிணைத்த பாலிஎத்திலீன் வந்தது. அதன் மேல் பீங்கான் பந்து சுழலும்போது தேய்மானம் பழையதில் ஒரு சிறு பங்குதான். ஆனாலும் வயது வயதுதான். பிரிட்டன் நோயாளிகளின் தரவை வைத்து 2017-இல் லான்செட் இதழில் வந்த ஆய்வு இடுப்பு, முழங்கால் இரண்டையும் பார்த்தது. எழுபதுக்கு மேல் மூட்டு மாற்றியவர்களில் ஆயுளுக்குள் மறு அறுவை தேவைப்படக்கூடியவர்கள் நூற்றுக்கு 5 பேர். ஐம்பதுகளின் தொடக்கத்தில் மாற்றிய ஆண்களில் 35 பேர் வரை. முப்பதில் மாற்றுகிறவர் இன்னொரு முறை மேஜைக்கு வரக்கூடும் என்பதை எண்ணித்தான் முதல் மூட்டையே தேர்ந்தெடுக்க வேண்டும். உடைந்த சிமென்ட்டை உளியால் துண்டுதுண்டாகப் பெயர்ப்பது பல மணி நேர வேலை. எலும்பு நன்றாகப் பற்றிய தண்டைக் கழற்றுவதும் சுலபமில்லை, சில சமயம் தொடை எலும்பையே நீளவாக்கில் பலகைபோல் அறுத்துத் திறக்க வேண்டிவரும்.

இளையவர்களுக்கென்றே சந்தைக்கு வந்த ஒன்று பெரிய விபத்தாக முடிந்ததும் இங்கே சொல்லவேண்டியதுதான். ஜான்சன் அண்ட் ஜான்சனின் துணை நிறுவனமான டிபுய் விற்ற ஏஎஸ்ஆர், உலோகத்தின் மேல் உலோகம் உரசும் மூட்டு. அங்கேயும் வில்லன் உரசல்தான். உலோகத் துகள்கள் சதையை அழுகவைத்தன, ரத்தத்தில் கோபால்ட்டும் குரோமியமும் ஏறின. 2010-இல் உலகெங்கும் திரும்பப் பெற்றார்கள். இந்தியாவில் மத்திய அரசு நிபுணர் குழு அமைத்து நஷ்டஈடு பற்றிப் பேசத் தொடங்கியபோது, அந்த மூட்டைச் சுமந்து நடக்கும் பலர் எங்கே இருக்கிறார்கள் என்பதே தெரியவில்லை. தன் இடுப்பில் இருப்பது எந்த மூட்டு என்று அறியாதவர்களும் அவர்களில் இருந்தார்கள்.

ஒவ்வொரு மூட்டுப் பெட்டிக்குள்ளும் சின்னச் சின்ன ஸ்டிக்கர்கள் இருக்கும். கிண்ணம், பந்து, தண்டு, ஒவ்வொன்றுக்கும் தயாரிப்பாளர் பெயர், அளவு, லாட் எண். ஆபரேஷன் குறிப்பில் ஒரு தொகுதி ஒட்டுவார்கள். டிஸ்சார்ஜ் அன்று பில்லைச் சரிபார்க்கும் அவசரத்தில் இன்னொரு தொகுதியையும் கேட்டு வாங்கி, ரேஷன் கார்டு வைக்கும் இடத்தில் வையுங்கள். இருபது வருடம் கழித்து வேறோர் ஊரில் வேறொரு டாக்டர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.