கடல் கடக்கும் பண்டமும் விற்பனை வரியும்

இராமநாதபுரம் கடற்கரையில் வாழ்பவர்களுக்குச் சுங்கம் என்பது புதிய சொல்லன்று. 1914ஆம் ஆண்டு முதல் 1964 டிசம்பர்ப் புயல் வரையில் தனுஷ்கோடித் துறைக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் போய்வந்தது. அக்கரையிலிருந்து வந்திறங்கிய பிரயாணிகளின் பெட்டிகளைச் சுங்க அதிகாரிகள் திறந்து பார்ப்பார்கள். அயல்நாட்டுப் பண்டம் நம் நாட்டில் பயன்படப் போகிறது. ஆகவே அதன்மேல் வரி விதிக்கும் உரிமை நமக்கு உண்டு என்பதே அதன் அடிப்படை.

இக்கருத்தைச் சற்றுத் திருப்பிப் பாருங்கள். ஒரு நாட்டில் வாங்கிய பண்டம் மற்றொரு நாட்டில்தான் பயன்படும் என்றால், விற்ற நாடு அதன்மேல் விற்பனை வரி கொள்வது முறையா? முறையன்று எனப் பல தேசங்கள் கருதின. சுற்றுலாப் பிரயாணிகளுக்கு வரியைத் திருப்பிக் கொடுக்கும் ஏற்பாடு இதிலிருந்து பிறந்ததே.

கீழக்கரை, தொண்டி முதலிய ஊர்களிலிருந்து பலர் சென்றுவரும் சிங்கப்பூரையே எடுத்துக்கொள்வோம். அங்கே 1994இல் நூற்றுக்கு மூன்றாகத் தொடங்கிய பொருள் சேவை வரி, 2024 முதல் நூற்றுக்கு ஒன்பதாக இருக்கிறது. 109 வெள்ளி கொடுத்து ஒரு புடவை வாங்கினால் அதில் 9 வெள்ளி வரி. இத்திட்டத்தில் சேர்ந்துள்ள கடையில் குறைந்தது 100 வெள்ளிக்கு வாங்கி, கடவுச்சீட்டைக் காட்டிப் பதிந்துகொண்டு, இரண்டு மாதத்திற்குள் பண்டத்தோடு விமானம் ஏறும் பிரயாணி, விமான நிலையத்தில் அவ்வரியைக் கோரலாம். அதிகாரி கேட்டால் பண்டத்தைக் காட்ட வேண்டும். உண்டு முடித்த உணவுக்கும் தங்கிய விடுதிக்கும் வரி திரும்பாது. அவை அங்கேயே பயன்பட்டுவிட்டன அல்லவா? கிடைக்கும் தொகையிலும் சேவைக் கட்டணம் கழியும்.

இதில் நம்மவர் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. மகனைப் பார்க்கச் சென்ற தாய்க்கு இச்சலுகை உண்டு. அங்கே வேலை செய்யும் மகனுக்கு இல்லை. அவன் வாங்கும் புடவையும் தொண்டியில்தான் உடுக்கப்படும். கொள்கையை நோக்கினால் இது உறுத்தவே செய்கிறது. ஆயினும் சட்டம் முதலில் ஆளைப் பார்க்கிறது. பிறகுதான் பண்டத்தைப் பார்க்கிறது. அதற்காக மகன் வாங்கியதைத் தாயின் பெயரில் எழுதிக் கோரினால் அது குற்றமாகும்.

சிங்கப்பூரில் வரி திரும்பியதால் திருச்சி விமான நிலையத்தில் சுங்கம் விலகிவிடாது. அங்கே அனுமதித்த அளவுக்கு மேற்பட்ட பண்டத்தை அறிவித்து வரி செலுத்த வேண்டும். தனுஷ்கோடியில் பெட்டி திறந்த அதே நியாயம்தான்.

இராமேசுவரத்தில் சங்கு வாங்கிச் செல்லும் அயல்நாட்டு யாத்திரிகரின் நிலை என்ன? நம் ஒருங்கிணைந்த சரக்கு சேவை வரிச் சட்டத்தின் 15ஆவது பிரிவு அவரையும் நினைத்தே எழுதப்பட்டது. ஆறு மாதத்திற்கு மேற்படாமல் தங்கும் பிரயாணிக்கு, அவர் வெளிநாட்டுக்கு எடுத்துச் செல்லும் பண்டத்தின் வரியைத் திருப்பிக் கொடுக்க அது வழி சொல்கிறது. ஆனால் 2017 ஜூலை முதல் நாள் அச்சட்டம் நடைமுறைக்கு வந்தபோது அப்பிரிவை விட்டுவிட்டார்கள். அது உயிர் பெற வேண்டுமானால் கடையில் முறையான ரசீதும், புறப்படும் இடத்தில் பண்டத்தைச் சரிபார்க்கும் அதிகாரியும் வேண்டும். கோயில் வீதியின் சிறு கடைகளிலோ பல, வரிக்குப் பதிவு பெறும் அளவுக்கு விற்பனை இல்லாதவை. அவை வசூலிக்காத வரியை யாரும் திருப்பித் தரவும் இயலாது.